கீட்டோ உணவுமுறையும் தூக்கமின்மையும்: நாட்பட்ட களைப்பின் பின்னணியில் ஒரு வரலாறு

கீட்டோ உணவுமுறை என்பது மாவுச்சத்தை மிகவும் குறைத்து, கொழுப்பை உடலின் முதன்மை எரிபொருளாக மாற்றும் உணவுமுறை ஆகும். இதைத் தொடங்கும் சிலருக்கு முதல் சில நாள்கள் தொடங்கிச் சில வாரங்கள் வரை தூக்கம் கெடுகிறது. படுத்தவுடன் தூக்கம் வராமை, நள்ளிரவில் விழிப்பு, நெஞ்சு படபடப்பு, கெண்டைக்கால் பிடிப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். உடல்நலம் உள்ளவருக்கு இது கடந்துபோகும் தொல்லை. நாட்பட்ட களைப்பால் வருந்துபவருக்கு நிலைமை வேறு. களைப்பு நீங்கும் என்று நம்பித் தொடங்கிய உணவே, அவருக்கு எஞ்சியிருந்த உறக்கத்தையும் குறைத்துவிடுகிறது.

மருத்துவமனையில் மருத்துவர், செவிலியர், உணவியல் வல்லுநர் ஆகியோரின் கண்காணிப்பில் பிறந்த ஓர் உணவுமுறை, ஒரு நூற்றாண்டுக்குள் கண்காணிப்பின்றி வீட்டுச் சமையலறைக்கு வந்து சேர்ந்தது. அதன் தொடக்கக்காலத் தூக்கமின்மை பெரும் சிக்கலாக மாறியதற்கு இந்த இடப்பெயர்ச்சியே முக்கியக் காரணம். சோறே உணவு என்று வாழ்ந்த செங்கல்பட்டு வட்டாரத்தையும் அதன் நடுவே உள்ள சிங்கப்பெருமாள் கோயிலையும் வைத்துப் பார்த்தால் இம்மாற்றம் தெளிவாக விளங்கும்.

செங்கல்பட்டுச் சீமையும் சோறும்

செங்கல்பட்டு, ஏரிகளின் மாவட்டம் எனப் பெயர்பெற்றது. மதுராந்தகம் ஏரி, கொளவாய் ஏரி முதலியவற்றோடு சிற்றூர்தோறும் அமைந்த ஏரிகளும் தாங்கல்களும் நெல் விளைச்சலுக்கு அடிப்படையாக இருந்தன. 1763-இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து இப்பகுதியைச் சாகீராகப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரைக் கொண்டு 1767 முதல் 1774 வரை ஒரு விரிவான கணக்கெடுப்பை நடத்தியது. சுமார் 2,000 ஊர்களின் நிலம், ஏரி, குடிகள், விளைச்சல், அதில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்பன அதில் பதிவாயின. ஊரின் வாழ்வு முழுவதும் நெல்லை அளவுகோலாகக் கொண்டு இயங்கியதை அக்கணக்குகள் காட்டுகின்றன.

நெல்லோடு கேழ்வரகு, கம்பு, வரகு ஆகியவையும் உழைக்கும் மக்களின் உணவாக இருந்தன. மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் மீனும் சேர்ந்தது. ஆனால் எந்த வீட்டிலும் இரவு உணவு என்பது சோறாகவோ கூழாகவோ களியாகவோதான் இருந்தது. மாவுச்சத்து இல்லாத இரவு, பட்டினி இரவு அல்லது விரத இரவு என்றே பொருள்பட்டது.

சிங்கப்பெருமாள் கோயில், பாடலாத்ரி நரசிம்மர் குடைவரைக் கோயிலால் பெயர்பெற்ற ஊர். வைணவ மரபில் ஏகாதசி நாளில் அரிசிச் சோற்றைத் தவிர்ப்பது வழக்கம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதும் உண்டு. சோறு இல்லாமையும் உறக்கம் இல்லாமையும் ஒரே இரவில் சேர்வது இம்மரபில் அறியப்பட்டதே. ஆனால் அது ஒரு நாள் நோன்பு. மறுநாள் துவாதசிப் பாரணையில் சோறு திரும்பிவிடும்.

பழைய மருத்துவ நூல்களில் உணவும் உறக்கமும்

இந்திய மருத்துவ மரபு உணவையும் உறக்கத்தையும் சேர்த்தே எண்ணியது. உடலைத் தாங்கும் மூன்று துணைத்தூண்களில் முதலிரண்டாக உணவையும் உறக்கத்தையும் சரக சம்ஹிதை குறிப்பிடுகிறது. உறக்கம் வராதவர்களுக்கு எண்ணெய்க் குளியல், பால், நெய் முதலியவற்றோடு தயிர் கலந்த சாலி அரிசிச் சோற்றையும் அந்நூல் பரிந்துரைக்கிறது. இது ஆய்வகச் சான்று ஆகாது. எனினும் சோறு உண்டபின் கண் சொக்கும் என்ற அனுபவம் மிகப் பழையது என்பதற்கு இது சான்று. இதற்கான உயிர்வேதியியல் விளக்கம் 20-ஆம் நூற்றாண்டில்தான் கிடைத்தது.

மருத்துவமனையில் பிறந்த உணவு

கீட்டோ உணவுமுறை எடையைக் குறைப்பதற்காக உருவானதன்று. அது வலிப்பு நோய்க்கான மருத்துவம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்று அமெரிக்காவிலும் பிரான்சிலும் மருத்துவர்கள் கண்டனர். ஆனால் ஒரு குழந்தையை எத்தனை நாள் பட்டினி போட முடியும் என்ற கேள்வி எழுந்தது. பட்டினியின்போது கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன்கள் என்னும் பொருள்களை உருவாக்குகிறது. மாவுச்சத்து மிகக் குறைந்து கொழுப்பு மிகுந்த உணவை உண்டாலும் இதே நிலை தோன்றும் என்பதை ரோலின் வுட்யாட் 1921-இல் எடுத்துக்காட்டினார். அதே ஆண்டு, மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர் இந்த உணவை வலிப்புக்குப் பரிந்துரைத்து அதற்குப் பெயரும் இட்டார்.

அதே மருத்துவமனையின் மைனி பீட்டர்மேன் அளவுகளை வரையறுத்தார். குழந்தையின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 கிராம் புரதம், நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் மாவுச்சத்து, மீதி முழுவதும் கொழுப்பு என்பது அவருடைய கணக்கு. ஒரு கிண்ணம் சோற்றில் இருக்கும் மாவுச்சத்து இதைவிடப் பல மடங்கு மிகுதி. ஒவ்வொரு கிராமும் நிறுத்துக் கொடுக்கப்பட்டது. சிறுநீரில் கீட்டோன் அளவு பார்க்கப்பட்டது. குழந்தை எப்படி இருக்கிறது என்பது நாள்தோறும் குறிக்கப்பட்டது. உணவு பழகிய பிறகு குழந்தைகளின் எரிச்சல் குறைந்து, விழிப்புணர்வும் உறக்கமும் மேம்பட்டதாக அக்கால மருத்துவர்கள் எழுதினர். இந்த உணவு எப்போதும் தூக்கத்தைக் கெடுக்கும் என்று சொல்ல முடியாது என்பதற்கு இது முதல் சான்று.

1938-இல் பெனிட்டாயின் மருந்து வந்ததும் நிறுத்து உண்ணும் தொல்லையான இந்த உணவு பின்தள்ளப்பட்டது. 1990-களில், மருந்துகளுக்கு அடங்காத வலிப்பு கொண்ட சார்லி ஆபிரகாம்ஸ் என்ற சிறுவன் இதனால் குணமடைந்ததை அடுத்து மீண்டும் கவனம் பெற்றது. இன்று இந்தியாவிலும் தேர்ந்த நரம்பியல் மையங்களில், மருந்துகளுக்குக் கட்டுப்படாத வலிப்பு கொண்ட குழந்தைகளுக்கு இதுவும் இதன் எளிமையாக்கிய வடிவங்களும் மருத்துவக் கண்காணிப்பில் தரப்படுகின்றன.

எடைக் குறைப்பு உணவாக மாறியது

இதற்கு இணையாக இன்னொரு கிளையும் வளர்ந்தது. லண்டனைச் சேர்ந்த வில்லியம் பான்டிங், ரொட்டியும் சர்க்கரையும் உருளைக்கிழங்கும் தவிர்த்து உடல் மெலிந்ததை 1863-இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 1972-இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் அட்கின்ஸ் எழுதிய நூல் மாவுச்சத்துக் குறைப்பை உலகெங்கும் பரப்பியது. இந்த நூல்களின் வழியே உணவுமுறை நேராகப் பொதுமக்களிடம் சென்றது. நிறுத்துக் கொடுக்கும் தராசும், நாள்தோறும் குறிப்பெழுதும் செவிலியரும் உடன் செல்லவில்லை.

முதல் வாரத்தின் சிரமத்தை ஆய்வாளர்கள் அறிந்தே இருந்தனர். 1980-இல் ஸ்டீபன் பின்னியும் குழுவினரும் உடற்பருமன் கொண்ட 6 பேரைக் குறைந்த கலோரிக் கீட்டோ உணவில் வைத்து நடைப்பயிற்சித் திறனை அளந்தனர். ஒரு வாரத்தில் திறன் குறைந்தது. 6 வாரத்தில் முன்பிருந்ததைவிடக் கூடியது. உடல் புதிய எரிபொருளுக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும் என்பது இதனால் தெளிவானது.

களைப்புக்குப் பெயர் வந்த கதை

காரணம் தெரியாத நீண்ட களைப்புக்கு 1869-இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்டு ‘நரம்புத் தளர்ச்சி’ என்ற பெயரைப் பரப்பினார். இச்சொல் தமிழகச் சுவர் விளம்பரங்களில் இன்றும் வேறு பொருளில் உலவுகிறது. 1955-இல் லண்டன் ராயல் ஃபிரீ மருத்துவமனையில் ஊழியர்கள் பலர் ஒரே காலத்தில் நோயுற்று நீண்ட நாள் தளர்ந்து கிடந்தனர். அதையொட்டித் தசை வலியும் மூளை-தண்டுவடப் பாதிப்பும் குறிக்கும் ‘மயால்ஜிக் என்செபலோமைலிட்டிஸ்’ என்ற பெயர் எழுந்தது. 1988-இல் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் ‘நாட்பட்ட களைப்பு நோய்க்குறி’ என்ற பெயரில் வரையறை வெளியிட்டது. நோயை வெறும் சோர்வாகச் சுருக்கிவிட்டதாக நோயாளிகள் இப்பெயரை எதிர்த்தனர்.

2015-இல் அமெரிக்க மருத்துவக் கழகம் புதிய அளவுகோல்களை வகுத்தது. 6 மாதத்துக்கு மேல் இயல்பான செயல்களைச் செய்ய முடியாத களைப்பு, சிறு உழைப்புக்குப் பின்னும் நோய் கூடுவது, உறங்கி எழுந்தாலும் புத்துணர்வு இல்லாமை ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். இவற்றோடு நினைவு, கவனம் குலைவதோ, எழுந்து நின்றால் அறிகுறிகள் கூடுவதோ இருக்க வேண்டும். உறக்கக் குறை இந்நோயின் பக்க விளைவு அன்று, அதன் மையக் கூறுகளில் ஒன்று என்பது இதனால் உறுதியானது.

இந்தியாவில் களைப்பு என்றதும் இரத்தசோகையே முதலில் நினைவுக்கு வரும். அதற்கு நியாயமும் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருந்தது. ஆனால் கோவாவில் 2,494 பெண்களிடம் விக்ரம் பட்டேல் குழுவினர் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றையும் காட்டியது. அவர்களில் சுமார் 12 விழுக்காட்டினர் 6 மாதத்துக்கு மேற்பட்ட களைப்பைக் கூறினர். அக்களைப்பு ஹீமோகுளோபின் அளவோடு தொடர்புபடவில்லை. வறுமை, மனத்துயர் போன்றவற்றோடு தொடர்புபட்டது. களைப்பு என்ற ஒரே சொல்லுக்குள் பல நிலைகள் அடங்கியிருப்பதை இது உணர்த்துகிறது.

தூக்கம் கெடுவது ஏன்

தொடக்கக்காலத் தூக்கமின்மைக்கு ஒரே காரணம் இல்லை. பின்வரும் பல காரணங்கள் ஒன்றுசேர்கின்றன.

முதலாவது, உப்பும் நீரும். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் சுரப்பு குறையும். அப்போது சிறுநீரகம் சோடியத்தை அதிகம் வெளியேற்றும், கூடவே நீரும் போகும். உடலில் சேமித்த கிளைக்கோஜன் கரையும்போது அதனோடு பிணைந்த நீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் எடை வேகமாகக் குறைவதற்குப் பெரும்பாலும் இந்த நீரிழப்பே காரணம். இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது, கால் பிடிப்பு, படபடப்பு, எழுந்தால் தலைசுற்றல் ஆகியவை இதனால் வருகின்றன.

இரண்டாவது, மூளையின் எரிபொருள் மாற்றம். ஜார்ஜ் கேஹில் குழுவினர் 1967-இல் வெளியிட்ட ஆய்வு, வாரக்கணக்கில் பட்டினி இருந்தவர்களின் மூளை குளுக்கோசுக்குப் பதிலாகப் பெருமளவு கீட்டோன்களைப் பயன்படுத்துவதைக் காட்டியது. இம்மாற்றம் ஓரிரவில் நிகழ்வதில்லை. இடைப்பட்ட நாள்களில் குளுக்கோஸ் அளவைத் தாங்கிப்பிடிக்க அட்ரினலின், கார்டிசோல் போன்ற ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரக்கக்கூடும். அவை விழிப்பைத் தூண்டுபவை.

மூன்றாவது, டிரிப்டோபான். சோறு உண்டபின் இன்சுலின் உயரும்போது இரத்தத்திலுள்ள மற்ற அமினோ அமிலங்கள் தசைக்குள் சென்றுவிட, டிரிப்டோபான் போட்டியின்றி மூளைக்குள் நுழைந்து செரோட்டோனினாக மாறுகிறது. ஜான் ஃபெர்ன்ஸ்ட்ராமும் ரிச்சர்ட் வர்ட்மேனும் 1971-இல் எலிகளில் இதைக் காட்டினர். செரோட்டோனினிலிருந்தே உறக்க ஹார்மோனான மெலட்டோனின் உருவாகிறது. இரவில் சோறு நின்றுபோனால் இந்த வழி மாறுகிறது.

இவற்றோடு பழக்கம் சார்ந்த காரணங்களும் உண்டு. தேவைக்குக் குறைவாக உண்பதால் நள்ளிரவில் பசிக்கும். காலைச் சிற்றுண்டிக்குப் பதிலாகக் குடிக்கும் வெண்ணெய்த் தேநீர், மாலையிலும் தொடர்ந்தால் அதிலுள்ள காஃபீன் தூக்கத்தைத் தள்ளிப்போடும்.

உறக்க ஆய்வுகள்

சிட்னியில் அகமது அஃபாகி குழுவினர் செய்த இரண்டு சிறு ஆய்வுகள் சோறு உண்ணும் மக்களுக்கு நெருக்கமானவை. 2007-இல் வெளியான ஆய்வில் உடல்நலமுள்ள 12 ஆண்களுக்கு, படுப்பதற்கு 4 மணி நேரம் முன் இரத்தச் சர்க்கரையை விரைவாக உயர்த்தும் அரிசியுணவு ஒரு நாளும், மெதுவாக உயர்த்தும் அரிசியுணவு மற்றொரு நாளும் தரப்பட்டது. முதல் வகை உண்ட இரவில் சராசரியாக 9 நிமிடத்தில் தூங்கினர். இரண்டாம் வகையில் 17.5 நிமிடம் ஆனது. 2008-இல் வெளியான ஆய்வில், மாவுச்சத்து மிகக் குறைந்த உணவுக்கு மாறிய 14 ஆண்களிடம் கனவுகள் மிகும் விரைவிழி உறக்கத்தின் பங்கு குறைந்து, ஆழ்ந்த உறக்கத்தின் பங்கு கூடியது.

சுவீடனில் வலிப்பு நோயுள்ள 18 குழந்தைகளைக் கீட்டோ உணவில் வைத்து டோவா ஹால்பூக் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு எதிர்த்திசையைக் காட்டியது. 3 மாதத்துக்குப் பின் மொத்தத் தூக்க நேரம் குறைந்தாலும் விரைவிழி உறக்கம் கூடியது, வாழ்க்கைத் தரம் மேம்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், முதல் நாள்களின் உறக்கமும் மூன்றாம் மாதத்தின் உறக்கமும் வேறுவேறு என்று தெரிகிறது. ஆனால் இவை சிறு ஆய்வுகள். இவற்றில் பங்கேற்ற எவரும் நாட்பட்ட களைப்பு நோய்க்காகச் சேர்க்கப்பட்டவர் அல்லர்.

தமிழ்நாட்டுக்கு வந்த விதம்

செங்கல்பட்டு வட்டாரத்தில் உணவும் வேலையும் 1990-களுக்குப் பின் வேகமாக மாறின. மறைமலைநகரில் ஃபோர்டு கார் ஆலை, பரனூரில் மகிந்திரா வேர்ல்டு சிட்டி, ஒரகடத்தில் வாகன ஆலைகள் என்று தொழிற்பகுதி விரிந்தது. ஜி.எஸ்.டி. சாலையையும் ஒரகடம் சாலையையும் இணைக்கும் சிங்கப்பெருமாள் கோயில், ஏரிப்பாசன ஊரிலிருந்து ஷிப்டு வேலைக்காரர்களின் சந்திப்பாக மாறியது. வயல் உழைப்பு குறைந்தது, தீட்டிய வெள்ளை அரிசி மட்டும் தட்டில் நிலைத்தது. இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குபவருக்கு உறக்கம் முன்பே குலைந்திருந்தது.

நீரிழிவும் உடன் வந்தது. இம்மாவட்டத்தின் சூனாம்பேடு பகுதியில் மருத்துவர் வி. மோகன் தலைமையிலான சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனம் 42 ஊர்களில், செயற்கைக்கோள் தொடர்பு கொண்ட நடமாடும் ஊர்தி மூலம் பரிசோதனையும் சிகிச்சையும் அளித்த திட்டம் குறிப்பிடத்தக்கது. நீரிழிவு நகரத்து நோய் மட்டுமன்று என்பதை அது உணர்த்தியது. சென்னை மக்களிடம் அதே நிறுவனம் செய்த உணவு ஆய்வுகளில், உட்கொள்ளும் ஆற்றலில் கிட்டத்தட்டப் பாதி தீட்டிய தானியங்களிலிருந்தே வந்தது தெரிந்தது.

இச்சூழலில்தான் 2010-களில் நியாண்டர் செல்வன் என்ற பெயரில் எழுதியவரின் கட்டுரைகளும், ‘பேலியோ டயட்’ என்ற நூலும், ‘ஆரோக்கியம் & நல்வாழ்வு’ என்ற முகநூல் குழுவும் மாவுச்சத்துக் குறைப்பைத் தமிழில் பரப்பின. வறுத்த பாதாம், முட்டை, ஆட்டிறைச்சி, பனீர், தேங்காய், வெண்ணெய்த் தேநீர் என்று தமிழ் வீடுகளுக்கு ஏற்ற பட்டியல் உருவானது. இரத்தப் பரிசோதனை செய்தபின் தொடங்க வேண்டும் என்ற வழக்கமும் அங்கே இருந்தது. ஆனால் பட்டியல் கைமாறிக் கைமாறிச் சென்றபோது பரிசோதனை பல இடங்களில் விடுபட்டது. தொடக்கச் சிரமங்களைப் ‘பழகினால் சரியாகிவிடும்’ என்ற ஒரே விடையில் அடக்கும் போக்கும் பரவியது.

களைப்பும் கீட்டோவும் சந்திக்கும் இடம்

நாட்பட்ட களைப்பு கொண்டோர் கீட்டோவை நாடியதற்கு அறிவியல் சாயல் கொண்ட காரணம் உண்டு. நார்வேயின் ஓய்ஸ்டைன் ஃபுளூகே, ஓலாவ் மெல்லா குழுவினர் 200 நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்து 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சர்க்கரையிலிருந்து ஆற்றல் பெறும் பாதையில், பைருவேட் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதியின் படியில் தடை இருக்கலாம் என்று அது கூறியது. அப்படியானால் கொழுப்பின் வழி ஆற்றல் பெறலாமே என்ற நம்பிக்கை எழுந்தது. அந்த நம்பிக்கையைப் பெரிய மருத்துவ ஆய்வு எதுவும் இதுவரை உறுதிசெய்யவில்லை.

இடர்கள் மட்டும் நன்கு தெரிந்தவை. எழுந்து நின்றால் தலைசுற்றும் களைப்பு நோயாளிகளுக்கு உப்பும் நீரும் கூட்டிக்கொடுப்பது வழக்கமான அறிவுரை. கீட்டோவின் முதல் வாரம் அந்த இரண்டையும்தான் வெளியேற்றுகிறது. மற்றவருக்கு இரண்டு இரவுத் தூக்கம் கெட்டால் மூன்றாம் நாள் ஈடுசெய்யலாம். சிறு உழைப்புக்குப் பின்னும் நோய் கூடும் ஒருவருக்கு அந்த ஈடு எளிதில் கிடைப்பதில்லை. இன்சுலினோ சர்க்கரை குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர் சோற்றைத் திடீரென நிறுத்தினால் இரவில் சர்க்கரை தாழ்ந்து வியர்த்து விழிக்கக்கூடும். அதைச் சாதாரணத் தூக்கமின்மை என்று தள்ளிவிடுவது உயிருக்கு ஆபத்து. எஸ்.ஜி.எல்.டி.2 வகை மாத்திரை எடுப்போருக்குக் கீட்டோ அமிலத்தேக்கம் வரும் இடரும் கூடுகிறது. இரத்த அழுத்த மருந்து எடுப்போருக்கு அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். உப்பைக் கூட்டுவதும் இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்களுக்கு மருத்துவர் சொன்னால் மட்டுமே பொருந்தும்.

இன்றைய நிலை

2021-இல் வெளியான பிரித்தானிய நைஸ் வழிகாட்டி, களைப்பு நோயுள்ளோருக்குச் சமச்சீர் உணவையும் போதிய நீரையும் வலியுறுத்துகிறது. கட்டுப்பாடான உணவுமுறையைப் பின்பற்றுவோரை அந்நோயில் அனுபவமுள்ள உணவியல் வல்லுநரிடம் அனுப்பச் சொல்கிறது. இந்தியாவில், 18,090 பேரின் உணவுத் தரவுகளைக் கொண்டு ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வுக்குழு 2022-இல் வெளியிட்ட கட்டுரை, நீரிழிவைத் தடுக்க ஆற்றலில் மாவுச்சத்தின் பங்கை ஏறத்தாழ 50 முதல் 56 விழுக்காடாகக் குறைத்துப் புரதத்தைக் கூட்டினால் போதும் என்று மதிப்பிட்டது. சோற்றை அடியோடு நிறுத்துவதற்கும் தட்டு நிறையச் சோறு உண்பதற்கும் நடுவே நீண்ட இடைவெளி உண்டு என்பதை இது காட்டுகிறது.

மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வழி எளியது. களைப்புக்கு இரத்தசோகை, தைராய்டு, நீரிழிவு, வைட்டமின் பி12 குறை, தூக்கத்தில் மூச்சடைப்பு போன்ற காரணங்கள் உண்டா என்று முதலில் பார்ப்பது. மாவுச்சத்தைக் குறைப்பதானால் ஒரே நாளில் நிறுத்தாமல் படிப்படியாகக் குறைப்பது. எஞ்சிய மாவுச்சத்தை இரவு உணவில் வைத்துக்கொள்வது. நீர், உப்பு, மருந்து அளவுகளை மருத்துவரோடு சரிபார்ப்பது. தூக்கமின்மை வாரங்கள் கடந்தும் நீடித்தால் உணவுமுறையையே மறுபரிசீலனை செய்வது.

1920-களின் மருத்துவமனைக் குறிப்பேட்டில் உண்ட கிராமும் கீட்டோன் அளவும் குழந்தை உறங்கிய விதமும் சேர்ந்தே இடம்பெற்றன. இன்று கைப்பேசியில் கைமாறும் உணவுப் பட்டியலில் முதல் இரண்டுக்கும் இடம் உண்டு; உறக்கத்துக்குத்தான் இல்லை. களைப்போடு வாழ்பவர் முதலில் எழுதி வைக்க வேண்டிய கணக்கு அதுவே.